அறுபது சுருக்குப்பையும் ஒரு அச்சு முறுக்குப் பூவும்: எம்போஸ் வெல்வெட் ஆர்டர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க அறுபது சுருக்குப்பை வேண்டும். வெல்வெட்டில் வேண்டும், பூ இருக்க வேண்டும். ஆனால் எம்பிராய்டரி கூடாது, ஜரிகை கூடாது, கல் கூடாது. துணியிலேயே பூ இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளர் போனில் ஒரு படம் அனுப்பினார். அரக்கு நிற வெல்வெட். ஒரே நிறம்தான், ஆனால் அதில் ஒரு பூ தெரிகிறது. பெயின்ட் இல்லை, நூல் இல்லை. சாய்த்துப் பிடித்தால் பூ வெளுப்பாகத் தெரியுமாம், நிமிர்த்தினால் அடங்கிவிடுமாம்.

"முடியும்ல அக்கா?" என்றார்.

மதுரையில் வீட்டிலேயே பதினோரு வருஷமாகத் தைக்கிறேன். பிளவுஸ், கொலுப்படி விரிப்பு, தட்டு மூடி, தலையணை உறை எல்லாம் பழக்கம். வெல்வெட்டும் புதிதில்லை. அந்தப் பூவை அழுத்தித்தான் வரவழைத்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே புரிந்தது. இதைத்தான் எம்போஸ் என்பார்கள். புரிந்துவிட்டது என்பதாலேயே முடியும் என்று சொல்லிவிட்டேன். கையில் 24 நாள்.

அந்த 24 நாளில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். பை தைக்கும் முறையை மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் நடுவில் உள்ள தையல் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் நான் பட்ட பாடு பெரும்பாலும் தையலுக்கு முன்னாலேயே நடந்தது.

முதல் துணி

முதலில் அளவு. பையின் ஒரு பக்கத்துக்கு வெட்டும் துண்டு 7 அங்குல அகலம், 9 அங்குல உயரம். துணியின் அகலம் 44 அங்குலம். ஒரு வரிசையில் ஆறு துண்டு, அதாவது மூன்று பை. அறுபது பைக்கு இருபது வரிசை, 180 அங்குலம். வெட்டில் போவதையும் சேர்த்து 5 மீட்டர்.

ஒரே நீளத் துண்டை அடியில் மடித்துப் பையாக்கினால் ஒரு தையல் மிச்சமாகுமே என்று மதினி கேட்டாள். வெல்வெட்டில் அது நடக்காது. இந்தத் துணியின் முடி எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். கீழ்நோக்கித் தடவினால் வழுக்கும், மேல்நோக்கித் தடவினால் கையைத் தடுக்கும். முடி மேல்நோக்கி இருந்தால் நிறம் ஆழமாகத் தெரியும், கீழ்நோக்கி இருந்தால் வெளிறித் தெரியும். அடியில் மடித்துத் தைத்தால் முன்பக்கம் அரக்காகவும் பின்பக்கம் வெளிறிய சிவப்பாகவும் நிற்கும். ஒரே துணிதான் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் அடியிலும் தையல் போட்டே ஆக வேண்டும்.

விளக்குத்தூண் பக்கத்துக் கடை ஒன்றில் வெல்வெட் கேட்டேன். "மைக்ரோ வெல்வெட், 9000 குவாலிட்டி. லெஹங்காவுக்கு எல்லாரும் இதைத்தான் எடுக்கிறாங்க" என்று எடுத்துப் போட்டார்கள். தொட்டால் மெத்து மெத்தென்று இருந்தது, நிறமும் அருமை. 5 மீட்டர் வாங்கினேன். எந்த நூலில் நெய்தது என்று நான் கேட்கவில்லை. இந்த ஆர்டரில் நான் செய்த முதல் தப்பு அதுதான். பின்னால் வந்த கஷ்டங்களில் பாதி அதிலிருந்தே முளைத்தது.

அழுத்தும் முறை சுலபம். மேஜையில் அச்சை மல்லாக்க வைக்க வேண்டும். அதன்மேல் வெல்வெட்டை முடிப்பக்கம் கீழே இருக்கும்படி விரிக்க வேண்டும். முதுகுப்பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து, மேலிருந்து இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்த வேண்டும். பெட்டியை இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. வைத்து, எண்ணி, எடுக்க வேண்டும். அச்சின் மேடு பட்ட இடத்தில் முடி படுத்துவிடும், மற்ற இடத்தில் நின்றுகொண்டிருக்கும். நிற்கும் முடி ஒளியை உள்ளே விழுங்கி இருட்டாகத் தெரியும். படுத்த முடி ஒளியைத் திருப்பி அனுப்பும். பூ என்று நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அந்த வித்தியாசம்தான்.

ரப்பர் ஸ்டாம்ப் கடையில் மூன்று அங்குல மாங்காய் ஒன்று செய்து வாங்கினேன். இஸ்திரிப் பெட்டியின் சூட்டை ஒரு புள்ளியில் வைத்து அழுத்தினேன், ஒன்றும் விழவில்லை. இரண்டு புள்ளிக்கு ஏற்றினேன். மாங்காய் மாதிரி ஏதோ வந்தது, ஆனால் பத்து நிமிஷத்தில் முடி எழுந்துகொண்டது. மூன்று புள்ளிக்கு ஏற்றி இருபது எண்ணினேன். எடுத்துப் பார்த்தால் மாங்காயும் இல்லை, வெல்வெட்டும் இல்லை. பெட்டியின் அடிப்பக்கம் அப்படியே பதிந்து, நடுவில் பிளாஸ்டிக் தட்டு மாதிரி மினுமினுத்தது. விரலால் தடவினால் சொரசொரப்பு. அதோடு நீராவிப் பெட்டியின் துளைகள் இரண்டு வரிசைப் புள்ளிகளாக, அம்மைத் தழும்பு மாதிரி விழுந்திருந்தன.

சூடு அதிகம் போலிருக்கிறது என்று குறைத்தேன். நேரம் குறைவோ என்று கூட்டினேன். தண்ணீரை அதிகமாக்கினேன், குறைத்தேன். ஏழு துண்டு பாழாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் பெட்டியைத்தான் திட்டினேன்.

எரித்துப் பார்த்தது

எட்டாவது துண்டை எடுக்கும்போது மதினி தடுத்தாள். அவள் புடவைக் கடையில் வேலை பார்த்தவள். "ஒரு நூலை உருவி நெருப்புல காட்டிப் பாரு. பட்டா இல்லையான்னு அப்படித்தான பாப்போம்" என்றாள்.

சமையலறைத் தொட்டியில், இடுக்கியால் பிடித்து, தீக்குச்சி காட்டினோம். நூல் தீயைக் கண்டதும் சுருண்டு விலகியது. பிறகு உருகிச் சொட்டி, கறுப்புப் புகை விட்டது. ஆறின பிறகு நுனியில் கடுகு மாதிரி ஒரு கறுப்பு உருண்டை. நகத்தால் அழுத்தினாலும் உடையவில்லை. பாலியஸ்டர்.

வெல்வெட் என்ற பெயரில் நாம் எல்லாரும் ஏமாறுகிறோம் என்று எனக்கு உறைத்தது அந்தத் தொட்டியில்தான். வெல்வெட் என்பது நூலின் பெயர் இல்லை, நெசவின் பெயர். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு துணியை நெய்து, இரண்டையும் இணைக்கும் நூலை நடுவில் கத்தியால் பிளந்தால் முடி நிற்கும் இரண்டு துணி கிடைக்கும். அந்த நூல் பட்டாக இருக்கலாம், பருத்தி, ரேயான், அசிடேட், நைலான், பாலியஸ்டர் என்று எதுவாகவும் இருக்கலாம். வெல்வெட் என்ற சொல் முடியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் பாட்டிமார் சொன்ன மக்மலும் அதே கதைதான், அது முடி உள்ள துணி என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. இரண்டு பெயரும் முடி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கின்றன. எதனால் ஆன முடி என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சூட்டுக்கு இந்த நூல்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பாலியஸ்டர் ஒரு பிளாஸ்டிக். 70, 80 டிகிரியிலிருந்தே நெகிழத் தொடங்கும், 250 டிகிரிக்கு மேல் உருகும். நடுவில் எந்தச் சூட்டில், எவ்வளவு அழுத்தத்தில் வைத்தால் வளைந்த முடி அப்படியே உறையும் என்பது ஒரு குறுகலான இடம். தொழிற்சாலையில் செதுக்கிய உருளையைச் சூடாக்கி, டன் கணக்கில் அழுத்தம் கொடுத்து அந்த இடத்தைப் பிடிக்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியின் ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. அதுவும் பெட்டி நினைத்தால் ஏறும், நினைத்தால் இறங்கும். என் கை அழுத்தமோ என் உடம்பு எடையில் பாதிகூட இல்லை. கீழ்ச்சூட்டில் முடி திரும்ப எழுந்துகொண்டது, மேல்ச்சூட்டில் முடிநுனிகள் ஒட்டிப் பளபளப்பானது. இடைப்பட்ட சூடு வீட்டுப் பெட்டியில் எனக்குச் சிக்கவே இல்லை.

ரேயான் வேறு சாதி. அது மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ். உருகாது. தண்ணீர் பட்டால் அதன் உள்பிணைப்புகள் தளரும், சூட்டில் தண்ணீர் போகும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே திரும்பப் பிணைந்துகொள்ளும். தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியைப் பின்னிப்போட்டுத் தூங்கினால் காலையில் முடி நெளிநெளியாக நிற்குமே, அதே சங்கதிதான். அதனால்தான் ரேயான் வெல்வெட்டில் தண்ணீர் தெளிப்பது சடங்கு இல்லை, அதுதான் வேலையையே செய்கிறது.

மதுரையில் தேடினேன், கிடைக்கவில்லை. இருக்கிறது என்று சொன்ன ஒரு கடையில் தந்த துண்டும் எரித்ததும் கறுப்பு உருண்டையானது. கடைசியில் சென்னையில் இருக்கும் நாத்தனார் சௌகார்பேட்டையில் அலைந்து விஸ்கோஸ் வெல்வெட் என்று கேட்டு வாங்கி பஸ்ஸில் போட்டுவிட்டாள். விஸ்கோஸ் என்றால் ரேயான்தான். விலை ஏறக்குறைய மூன்று மடங்கு. வாங்குவதற்கு முன் கடை வாசலிலேயே ஒரு நூலை எரிக்கச் சொல்லியிருந்தேன். கடைக்காரர் முறைத்தாராம், ஆனால் தீப்பெட்டி கொடுத்தாராம். காகிதம் எரிந்த வாடை, தொட்டால் தூளாகும் சாம்பல்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெல்வெட்டில் அடித்துணி ஒரு நூலாகவும் முடி வேறு நூலாகவும் இருக்கலாம். ஓரத்திலிருந்து நூலை உருவினால் அடித்துணியைத்தான் எரிக்கிறோம். பிளேடால் முடியை மட்டும் சுரண்டி, அந்தத் தூளைத் தனியாக எரித்துப் பார்க்க வேண்டும். அழுந்தப்போவது அந்த முடிதானே.

அச்சைத் தேடி

புதுத் துணியில் ரப்பர் மாங்காய் பதிந்தது. பதிந்தது என்றால், பனிமூட்டத்துக்குள் நிற்கும் மாங்காய் மாதிரி. ஸ்டாம்பின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. வெல்வெட் முடியின் உயரம் அதைவிட அதிகம். மேடு முடியைப் படுக்க வைக்கும்போதே பள்ளமும் அதை அமுக்கிவிடுகிறது. அச்சின் ஆழம் முடியின் உயரத்தைத் தாண்ட வேண்டும். கோடுகளும் தடிமனாக இருக்க வேண்டும். மயிலிறகின் ஒவ்வொரு இழையையும் செதுக்கிய அழகான மர அச்சு ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். வெல்வெட்டில் அது ஒரு திட்டாகத்தான் விழுந்தது. அந்த மயில் காகிதத்துக்கும் பருத்திக்கும் பிறந்தது, இந்தத் துணிக்கு ஆகாது. கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் பிளாஸ்டிக் ஸ்டாம்பை வாங்கும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள், பெட்டியின் சூட்டில் அது துணியோடு ஒட்டும்.

அன்றைக்கு மதினி சமையலறையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து மேஜையில் டங்கென்று ஒன்றை வைத்தாள். அச்சு முறுக்கு அச்சு. பூ வடிவம், எட்டு இதழ், நடுவில் வட்டம். மாவில் முக்கி எண்ணெயில் விடுவோமே, அதேதான். இதழின் விளிம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன், பள்ளம் ஒரு விரல் ஆழம். உலோகம், உருகுமோ என்ற பயமே இல்லை. நான் நாலு நாளாகக் கடை கடையாகத் தேடியது என் வீட்டு அலமாரியிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

உடனே ஒரு துண்டில் அழுத்தினோம். பூ கத்தி மாதிரிக் கூர்மையாக விழுந்தது. கூடவே இதழ் இதழாக எண்ணெய்க் கறையும் இறங்கியது. பல தீபாவளி எண்ணெய் அந்த அச்சின் மேனியில் ஊறிக் கிடந்திருக்கிறது. சூடு பட்டதும் எல்லாம் துணிக்கு வந்துவிட்டது. சீயக்காய், புளி, சாம்பல் என்று அச்சைத் தேய்த்தோம், எண்ணெய் போகவில்லை.

புது அச்சு வாங்கக் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் இருந்த கடைகள் இப்போது அங்கேதான் இருக்கின்றன. மண்டபத் தூண்களுக்கு நடுவே பாத்திரக் கடையும் தையல் மிஷினும் புத்தகக் கடையும் தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்குச் சத்திரத்தின் மாடிப்படி இன்னும் பழகவில்லை. கம்பியைத் திருகிக் கழற்றும் வகையில் பித்தளை அச்சு ஒன்று கிடைத்தது. கம்பி பற்றவைத்த வகையை வாங்காதீர்கள், பூவை மல்லாக்க வைக்க முடியாது. கழற்றும் வகையிலும் அடியில் திருகுக் குமிழ் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு பலகையில் ஓட்டை போட்டு அந்தக் குமிழை உள்ளே இறக்கினேன். பூ ஆடாமல் உட்கார்ந்தது.

அங்கே சாமிக்குக் குடையும், குழாய் மாதிரித் தொங்கும் அலங்காரத் தொம்பையும் தைக்கும் டெய்லர் ஒருவரிடம் வெல்வெட்டைக் காட்டினேன். துணியைப் பார்த்தார், நான் அதை மடித்து வைத்திருந்ததைப் பார்த்தார். "வெல்வெட்ட மடிக்கக் கூடாதும்மா, சுருட்டணும். மடிச்ச கோடு ஒன்ன விட்டுப் போகாது" என்றார். சௌகார்பேட்டையில் மடித்தது, பஸ்ஸில் நசுங்கியது, எல்லாம் சேர்த்து நாலு வரிசைத் துணி அந்தக் கோட்டுக்கே போய்விட்டது.

வேப்பமரத்தடியில்

வீட்டு நீராவிப் பெட்டி உதவாது என்பது முதல் நாளே தெரிந்துபோனது. அடியில் ஓட்டை இல்லாத, கனமான பெட்டி வேண்டும். எங்கள் தெரு முனையில் வேப்பமரத்தடியில் தேய்ப்புக் கடை இருக்கிறது. அண்ணன் இன்னும் கரிப்பெட்டிதான் வைத்திருக்கிறார். பித்தளை, அடி முழுக்க ஒரே மட்டம், தூக்கினால் தோள் இறங்கும். அந்த எடைதான் எனக்குத் தேவைப்பட்ட அழுத்தம்.

இரண்டு சாயங்காலம் அவருடைய வண்டியை வாடகைக்குப் பிடித்த மாதிரி ஆக்கிரமித்தோம். பூ முன்பக்கத்தில் மட்டும் போதும், பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும் என்று வாடிக்கையாளரிடம் பேசி வாங்கியிருந்தேன். அறுபது பூ, கைதவறினால் என்று கூட ஐந்து.

முதல் இரண்டு பூ மங்கலாக விழுந்தது. எனக்கு வயிறு கலங்கியது. பிறகுதான் பிடிபட்டது, பித்தளை அச்சு குளிர்ந்து கிடந்தது. மேலே பெட்டி கொடுத்த சூட்டையெல்லாம் கீழே அச்சு உறிஞ்சிக்கொண்டது. மூன்றாவது பூவிலிருந்து அச்சும் சூடேறி வரிகள் தெளிந்தன. நடுவில் டீ குடிக்கப் போய்விட்டு வந்தால் மறுபடியும் முதல் பூ மங்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒவ்வொரு இடைவேளைக்குப் பின்னும் பழைய துணியில் இரண்டு முறை அழுத்தி அச்சைப் பழக்கிவிட்டுத்தான் நல்ல துணியை வைத்தோம்.

எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினைந்தா, இருபதா? அண்ணன் எண்ணவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டார்.

"சுர்ர்ருனு ஒரு சத்தம் வருதா? அது தண்ணி போற சத்தம். அது அடங்குற வரைக்கும் பெட்டிய அசைக்காத. அடங்கின உடனே எடுத்துரு, அதுக்கு மேல வச்சா கருகும்."

ரேயான் பிணைப்பு பற்றி நான் மேலே எழுதியிருப்பதெல்லாம் அவர் காதில் ஒரு சத்தமாக இருந்திருக்கிறது. தண்ணீர் முழுக்கப் போவதற்குமுன் எடுத்தால் முடி திரும்ப எழும். போன பிறகும் வைத்திருந்தால் துணி காயும். சத்தம் நிற்கும் அந்த நொடிதான் கணக்கு. அதற்குப் பிறகு நான் எண்ணவே இல்லை.

கரிப்பெட்டியின் ஒரே தொல்லை பொறி. காற்றடித்தால் சாம்பல் பறக்கும். துணியின் முதுகில் ஒரு மல் துணியைப் போட்டு அதன்மேல் அழுத்தினோம். அப்படியும் ஒரு துண்டில் ஊசிமுனை அளவுக்குப் பொத்தல் விழுந்தது. எடுத்ததும் துணியை உடனே தூக்கக் கூடாது, அச்சின் மேலேயே அரை நிமிஷம் ஆறவிட்டு நேராக மேலே எடுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் இதழ் ஓரம் கலையும்.

அறுபத்தைந்தில் அறுபத்தொன்று தேறியது.

தையல்

தையலில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை, ஆனால் வெல்வெட்டில் பழக்கம் இல்லாதவர்களுக்குச் சில விஷயங்கள்.

வெல்வெட்டின் மேல் வெல்வெட்டை வைத்துத் தைத்தால் மேல் துணி நடந்துபோகும். இரண்டு முடிப்பக்கமும் ஒன்றையொன்று தள்ளும். தொடங்கும்போது சமமாக இருந்த ஓரம் முடிக்கும்போது கால் அங்குலம் தப்பியிருக்கும். குண்டூசி மட்டும் போதாது, கையால் ஓட்டுத் தையல் போட்டே ஆக வேண்டும். குண்டூசியையும் தையல் ஓரத்துக்கு வெளியில் குத்துங்கள், நடுவில் குத்தினால் அந்தப் புள்ளி நிற்கும். தையலை நீளமாக, 3 மில்லிமீட்டர் வரை வைத்து, முடி சாயும் திசையிலேயே மிஷினை ஓட்டினால் பாதித் தொல்லை குறையும்.

நாடா நுழையும் பட்டிக்கு வெல்வெட்டை மடிக்காதீர்கள். மடித்தால் நாலு அடுக்கு முடி சேர்ந்து, சுருக்கினால் பையின் வாய் மூடாது. லைனிங் சாட்டின் துணியிலேயே ஒன்றேகால் அங்குலப் பட்டி வெட்டி வாய்ப்பக்கம் தைத்தேன். சுருக்கு அழகாக விழுந்தது. அடியும் பக்கமும் தைத்த பிறகு ஓரத்தைப் பிரித்துத் தேய்க்க இஸ்திரிப் பெட்டியை எடுக்கவே கூடாது, பூ போய்விடும். ஸ்பூனின் முதுகால் கீறி மடக்கினேன்.

வெட்டும்போது முடி கொட்டும். அறுபது பை முடிவதற்குள் பாபின் பெட்டி முழுக்கச் சிவப்புப் பஞ்சு. மூக்கைச் சிந்தினால் அரக்கு. மூன்று முறை மிஷினைத் திறந்து துடைத்தேன்.

நாடா விஷயத்தில் வாடிக்கையாளருக்கும் எனக்கும் சின்ன உரசல் வந்தது. அவருக்குக் குஞ்சம் வேண்டும், எனக்கு வேண்டாம். குஞ்சம் ஜெயித்தது. நன்றாகத்தான் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

வெற்றிலை

விசேஷத்துக்கு நாலு நாள் முன்பு, தயாரான பையில் ஒன்றை மாதிரிக்காக வாடிக்கையாளரின் அம்மாவிடம் கொடுத்து அனுப்பினேன். அடுத்த நாள் காலை போன்.

"பை நல்லாத்தான் இருக்கு. ஆனா பூ எங்கம்மா?"

ஓடினேன். அந்த அம்மா பையின் கொள்ளளவைப் பார்ப்பதற்காகத் தாம்பூலத்தை அப்படியே வைத்துப் பார்த்திருக்கிறார். குங்குமச் சிமிழ், கண்ணாடி, மஞ்சள் கிழங்கு, பாக்கு, ஐந்து வெற்றிலை. வெற்றிலை வாடாமல் இருக்க எப்போதும்போல் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார். ராத்திரி முழுக்க அந்த ஈரம் லைனிங்கைத் தாண்டி வெல்வெட்டுக்கு வந்து, படுத்திருந்த முடியையெல்லாம் எழுப்பிவிட்டது. இதழ் ஓரத்தில் இரண்டு கீற்று மட்டும் மிச்சம் இருந்தது, பகல் வெளிச்சத்தில் பார்த்தாலும் யாருக்கும் தெரியாது.

எந்தத் தண்ணீர் பூவைப் பதிய வைத்ததோ அதே தண்ணீர் அதை அழித்தும் விட்டது. இது எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். ரேயான் எம்போஸ் வெல்வெட்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும், பைகளோடு சேர்த்துக் கொடுக்கத் துவைக்காதீர்கள் என்று சீட்டு எழுதிக்கூட வைத்திருந்தேன். ஆனால் பையைத் துவைப்பதைத்தான் நினைத்தேன், பைக்குள் என்ன போகும் என்பதை நினைக்கவில்லை. வெற்றிலை பாக்குப் பைக்கு வெற்றிலையே ஆகாது என்று ஆகிவிட்டது.

தைத்த பையில் மறுபடி பூ அழுத்த வழியில்லை, பிரித்துத் தைக்க நாளும் இல்லை. வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவருடைய அம்மாவே வழி சொன்னார். "வெத்தலைய கையில குடுக்கிறதுதான் மரியாதை. பையில சிமிழும் கண்ணாடியும் காசும் போதும்." மஞ்சள் கிழங்கும் பாக்கும் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வைத்தோம். மிச்ச ஈரத்துக்காக ஒவ்வொரு பையிலும் பட்டர் பேப்பர் கவர் ஒன்று போட்டேன். திருக்கடையூரில் அறுபது பையும் பூவோடு போய்ச் சேர்ந்தன.

கூலிக் கணக்கு பார்த்தால் எனக்கு மிஞ்சியது பஸ் காசு. முதல் துணி 5 மீட்டர் முழுக்க நஷ்டம், இரண்டாவது துணி மூன்று மடங்கு விலை.

நவராத்திரிக்கு முன்

ஆனால் அந்த 5 மீட்டர் என் கண்ணிலேயே நின்றது. ஏழு துண்டு போக மிச்சம் எல்லாம் சுருட்டி அலமாரியில் இருந்தது. கொலு சமயத்தில் முப்பது தாம்பூலப் பைக்கு வேறொருவர் ஆர்டர் கொடுத்தார். அவருக்கு வெற்றிலை பைக்குள்தான் போயாக வேண்டும்.

அப்போதுதான் பாலியஸ்டரை நான் இன்னொரு முறை யோசித்தேன். அதற்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. பிளாஸ்டிக் ஒரு சூட்டில் வளைந்து உறைந்துவிட்டால், அதே சூடு திரும்ப வரும்வரை அப்படியே நிற்கும். வெற்றிலை ஈரம் அதை ஒன்றும் செய்யாது. என்னிடம் இல்லாதது சரியான சூடும் ஒரே சீரான அழுத்தமும்தான். அது டீஷர்ட்டில் படம் அச்சடிக்கும் கடையில் இருக்கிறது. அவர்களுடைய ஹீட் பிரஸ்ஸில் டிகிரியையும் நொடியையும் எண்ணாகவே வைக்கலாம், தட்டு முழுக்க ஒரே அழுத்தம், அடியில் ஓட்டை கிடையாது.

முறுக்கு அச்சு உயரம், பிரஸ்ஸின் வாய்க்குள் போகாது. அச்சைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து, லேசர் கட்டிங் கடையில் மரநாரை அழுத்திச் செய்யும் 6 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் பூவாக வெட்டி வாங்கினேன். டீஷர்ட் கடைப் பையன் முதலில் தயங்கினான். துணி உருகித் தட்டில் ஒட்டினால் யார் பொறுப்பு என்றான். நான் என்று சொல்லி, மேலே டெஃப்லான் ஷீட் போடச் சொன்னேன். 140 டிகிரியில் மங்கல். 180இல் ஓரம் மினுங்கத் தொடங்கியது. 160இல், 25 நொடி, தண்ணீர் தெளிக்காமல் அழுத்தினோம். தட்டைத் தூக்கியதும் பையனே விசில் அடித்தான். மூன்று நாளாக நான் இஸ்திரிப் பெட்டியில் தேடிய இடம் அது. இந்த எண்கள் என் துணிக்கும் அந்த பிரஸ்ஸுக்கும் பொருந்தியவை. உங்கள் துணி மெல்லியதாக இருந்தால் 150இல் தொடங்குங்கள், முதலில் துண்டில் பாருங்கள்.

அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழாயடியில் பிடித்தேன். பிழிந்தேன், உதறினேன், கொடியில் போட்டேன். காய்ந்ததும் முடியைத் தடவிவிட்டேன். எட்டு இதழும் இருந்தது. பக்கத்திலேயே ரேயானில் மிஞ்சியிருந்த ஒரு பூவையும் நனைத்துக் காயவைத்திருந்தேன், அது வெறும் துணியாகக் கிடந்தது. ஆனாலும் இரண்டையும் நனைக்கும் முன் வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது ரேயான் பூவில் இருந்த ஆழம் பாலியஸ்டரில் இல்லை. இது கொஞ்சம் தகரப் பளபளப்பு. தாம்பூலப் பைக்கு இதுவே போதும். தட்டு மூடி, சுவரில் தொங்கவிடும் துணி, போட்டோ ஆல்பத்தின் மேலட்டை என்று தண்ணீர் படாத எதற்கும் நான் இன்னும் ரேயானைத்தான் எடுக்கிறேன்.

முப்பது பூவும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. துண்டுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பையன் எம்டிஎஃப் பூவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லாருக்கே க்கா. இது எந்தக் கோயில் தூண்ல எடுத்த டிசைனு?"

"அச்சு முறுக்குடா" என்றேன்.

அவன் நம்பவில்லை.